விண்ட்ஷீல்டு மாட்டிய பிறகுதான் தலை ஆடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் குன்னூர்க்காரர், உயரம் 5 அடி 10 அங்குலம், வண்டி ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 என்ற க்ரூசர் பைக். குளிருக்காக உயரமான விண்ட்ஷீல்டு ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். வாரா வாரம் மேட்டுப்பாளையம், அன்னூர், அவிநாசி வழியாகத் திருப்பூர் போய் வருகிறார். மலையில் ஒரு தொந்தரவும் இல்லை. கீழே இறங்கி 75, 80 தொட்டதும் ஹெல்மெட் குலுங்க ஆரம்பிக்கிறது. இந்த ஆடி மாதத்தில் போகும்போதைவிட வரும்போது ரொம்ப அதிகம். வீடு வந்து சேர்ந்தால் கழுத்து வலி, காதில் இரைச்சல். இன்னும் உயரமான ஷீல்டு வாங்கலாமா, மேல்விளிம்பில் கிளிப் போட்டு மாட்டும் டிஃப்ளெக்டர் (காற்றைத் திருப்பிவிடும் சின்னத் தகடு) போதுமா, இல்லை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார். பின்சீட்டில் உட்காரும் மனைவிக்கும் காற்று அடிக்கிறதாம்.

இன்னும் உயரமானது வேண்டாம். கழற்றவும் வேண்டாம். உங்கள் தலையை ஆட்டும் காற்றில் ஒரு பெரிய பங்கு ஷீல்டுக்கு மேலே இருந்து வரவில்லை, கீழே இருந்து வருகிறது என்பது என் கணிப்பு. அதைச் செலவில்லாமல் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுக்கலாம்.

ஷீல்டே இல்லாத வண்டியில் 80-ல் போனால் காற்று நெஞ்சைத் தள்ளும், தோள் வலிக்கும். ஆனால் தலை இப்படி ஆடாது. ஹெல்மெட்டில் படுவது கலையாத காற்று, ஒரே சீராக அழுத்தும். ஷீல்டின் விளிம்பைத் தாண்டி வரும் காற்று வேறு மாதிரி. ஆற்றில் பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டே இருக்குமே, அதே கதைதான். விளிம்பில் பிய்ந்த காற்று சுழல் சுழலாக உருண்டு, ஒன்று போனதும் அடுத்தது என்று வரிசை கட்டிப் பின்னால் வரும். இந்தச் சுழல் வரிசைக்குத் தியோடர் வான் கார்மான் என்ற விமானவியல் அறிஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 40 செ.மீ. அகல ஷீல்டு, 90 கி.மீ. வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் பத்து சுழல் வரும். ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டை நொடிக்குப் பத்து முறை தட்டினால் கழுத்து எத்தனை நேரம் தாங்கும்?

அதோடு முடியவில்லை. ஷீல்டுக்கு நேர் பின்னால், அதாவது உங்கள் நெஞ்சுக்கும் ஷீல்டுக்கும் நடுவே, காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றியிருக்கும் காற்று கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வரும். க்ரூசர் வண்டியில் இப்படிப்பட்ட சந்துகள் அதிகம். ஹெட்லைட்டுக்கு அடியில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே, டேங்கின் மூக்குக்கு முன்னால் நல்ல திறப்பு இருக்கிறது. அதில் நுழையும் காற்று டேங்கின் மேல் ஏறி, நெஞ்சு வழியாகத் தாடைக்கு அடியில் வந்து மோதும். ஷீல்டு எவ்வளவு பெரிதோ, அதற்குப் பின்னால் அழுத்தம் குறைந்த இடமும் அவ்வளவு பெரிது, கீழிருந்து இழுக்கப்படும் காற்றும் அவ்வளவு அதிகம். பெரிய ஷீல்டு வாங்கினால் சில பேருக்கு ஆட்டம் கூடிப்போவது இதனால்தான்.

போகும்போது குறைவு, வரும்போது அதிகம் என்று நீங்கள் எழுதியது நல்ல தடயம். பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று அதில் புகுந்து கோவை, பல்லடம், திருப்பூர், உடுமலை வரை சமவெளி முழுக்க அடிக்கும். அந்தப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதும் அதை நம்பித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து அவிநாசி போகும் ரோடு தென்கிழக்கே போகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கம், வரும்போது இடது முன்பக்கம். ஸ்பீடோமீட்டர் 75 காட்டுகிறது, காற்று 25 கி.மீ. என்று வையுங்கள். காற்று நேர் எதிரே இருந்தால் ஷீல்டில் மோதும் வேகம் 100, நேர் பின்னால் இருந்தால் 50. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் ஐம்பதுக்கும் நூறுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். உங்களுக்குக் காற்று சாய்வாக வருவதால் அந்த அளவு இருக்காது, ஆனாலும் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மலையில் ஏன் தெரியவில்லை என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். பர்லியாறு ரோட்டில் முப்பது, நாற்பதுக்கு மேல் யார் போகிறார்கள்? போதாததற்கு உயரம் ஏற ஏறக் காற்றும் மெலிகிறது. ஊட்டி இருக்கும் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஷீல்டை மாட்டிக்கொண்டு கேத்தி வரை ஒரு ரவுண்டு போய்விட்டு "சூப்பரா இருக்கு" என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை. சோதனை கீழேதான் செய்ய வேண்டும்.

சரி, சோதனை. அதிகாலையில், காற்று கிளம்புவதற்கு முன், அன்னூர் தாண்டி வண்டி குறைவான நேரான இடத்தில் தலை ஆட ஆரம்பிக்கும் வேகத்தில் நிலையாகப் போங்கள். முதுகை வளைத்துத் தலையை ஒரு நான்கு விரற்கடை இறக்கிப் பாருங்கள். அப்புறம் நன்றாக நிமிர்ந்து, முடிந்த அளவு உயர்த்திப் பாருங்கள். இறக்கினால் அமைதியாகிறது என்றால் விளிம்பிலிருந்து வரும் சுழல் சரியாக உங்கள் ஹெல்மெட் மட்டத்தில் போகிறது. நிமிர்ந்தால் அமைதியாகிறது என்றால் ஷீல்டு உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம், குறைத்தால் தலை சுத்தமான காற்றுக்கு வந்துவிடும். இரண்டிலும் மாற்றம் இல்லை என்றால் மேல்விளிம்பு காரணமில்லை, கீழே தேடுங்கள்.

ஹெல்மெட் எப்படி ஆடுகிறது என்பதும் சொல்லிவிடும். மேலும் கீழுமாகத் தலையாட்டுவது போல ஆடினால் மேல்விளிம்பு. இடமும் வலமுமாக ஆடினால் பக்க விளிம்புகள், அல்லது பக்கக் காற்று. தாடைப்பட்டை மேலே தூக்குகிறது, வைசருக்குள் அடியிலிருந்து காற்று வந்து கண்ணில் நீர் வருகிறது, ஜாக்கெட்டின் கீழ்ப்பகுதி படபடக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், ஃபோர்க் நடுவே வரும் காற்றுதான். உங்கள் கடிதத்தில் "தொண்டைக்குள் காற்று புகுகிறது" என்று ஒரு வரி இருந்தது. என் கணிப்பு அதை வைத்துத்தான்.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கம்பளி நூல். குன்னூரில் ஸ்வெட்டர் நூலுக்கா பஞ்சம்? கண்ணில் படும் நிறத்தில் ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, ஷீல்டின் மேல்விளிம்பின் உட்புறம், இரண்டு பக்க விளிம்பு, டேங்கின் முன்பகுதி, உங்கள் ஹெல்மெட்டின் தாடை ஆகிய இடங்களில் டேப் வைத்து ஒட்டுங்கள். கண்ணை மறைக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். நண்பர் ஒருவர் இன்னொரு வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டிலிருந்து ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். நூல் விறைப்பாகப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றால் அங்கே காற்று சீராகப் போகிறது. சுற்றிச் சுற்றி அடித்தால் கலைந்த காற்று. நூல் முன்னோக்கி, ஷீல்டைப் பார்த்துச் சாய்ந்தால் அங்கே அழுத்தம் குறைந்து காற்று பின்னாலிருந்து இழுபடுகிறது. டேங்க் மேல் ஒட்டிய நூல் எழுந்து உங்கள் தாடையைப் பார்த்து ஆடுவதை வீடியோவில் பார்த்த பிறகு யாரும் இன்னும் உயரமான ஷீல்டு தேட மாட்டார்கள். விமானங்களைச் சோதிப்பவர்களும் இறக்கையில் நூல் ஒட்டித்தான் பார்க்கிறார்கள், ஆகவே சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். கையை நீட்டிக் காற்றைத் தடவிப் பார்க்கும் வீரம் ஓட்டுபவருக்கு வேண்டாம். பின்னால் இருப்பவர் செய்யட்டும்.

கீழ்க்காற்று என்று உறுதியானால் மருந்து மலிவு. முதலில் தற்காலிகமாக, ஃபிளெக்ஸ் போர்டு அட்டை ஒன்றை ஹெட்லைட்டுக்கு அடியில் ஃபோர்க் கால்களுக்கு முன்னால் வைத்து கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். அதை வைத்துக்கொண்டு அதே ரோட்டில் அதே வேகம். வித்தியாசம் தெரிந்தால் அதே அளவில் நிரந்தரமாக ஒன்று செய்துகொள்ளலாம். கடையில் ஃபோர்க் டிஃப்ளெக்டர் என்று கிடைப்பது இந்த அட்டையின் பிளாஸ்டிக் வடிவம்தான். டூல்ஸ் சுருட்டி வைக்கும் தோல் பையை அந்த இடத்தில் இறுக்கிக் கட்டினாலும் பாதி வேலை நடக்கும், பழைய க்ரூசர்களில் அந்தப் பை அழகுக்காக மட்டும் தொங்கவில்லை.

கால் பக்கத்திலிருந்தும் காற்று ஏறினால் லெக் கார்டுக்கு உறை தைக்கலாம். கேன்வாஸ் துணிக்கு ரெக்சின் ஓரம் வைத்து, லெக் கார்டின் வளைவில் சுற்றி, பின்னால் பட்டன் போடுவது மாதிரி. சீட் கவர் தைப்பவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பேப்பரில் அளவு வெட்டிப் பார்த்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். மழையில் முழங்கால் நனையாது என்பது கூடுதல் லாபம். ஒரே எச்சரிக்கை, உங்கள் எஞ்சின் காற்றில் குளிரும் எஞ்சின். சிலிண்டரின் துடுப்புகளுக்கு வரும் காற்றை மறைக்கும்படி உள்பக்கம் நீட்டித் தைக்காதீர்கள். மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாரிலிருந்து மேலே இரண்டாவது, மூன்றாவது கியரில் மெதுவாக ஏறும்போதுதான் எஞ்சினுக்குக் காற்று அதிகம் தேவை. அந்த ஏற்றத்தில் உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள முடிகிற மாதிரி செய்வது உத்தமம்.

இப்போது ஷீல்டு. எவ்வளவு உயரம் என்பதற்கு மலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரே அளவுகோல், ஷீல்டின் வழியாகப் பார்க்கக் கூடாது, அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார்ந்தால் மேல்விளிம்பு உங்கள் மூக்கு நுனிக்கும் உதட்டுக்கும் நடுவே தெரிய வேண்டும். மூடுபனியில் வைசர் ஒரு நனைந்த கண்ணாடி, ஷீல்டு இன்னொரு நனைந்த கண்ணாடி. இரண்டையும் ஊடுருவி எதிரே வரும் லாரியைத் தேடுவது வேண்டாத வேலை. வைசரைத் துடைக்கலாம், தூக்கலாம். ஷீல்டை ஓட்டிக்கொண்டே என்ன செய்ய முடியும்? இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட் பட்டால் ஷீல்டில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் ஒளிக்கோடாகிவிடும். உங்கள் ஷீல்டு புருவத்துக்கு மேல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றை விடுங்கள், பார்வைக்காகவே அது குறைய வேண்டும்.

குறைப்பதற்கு முன் சாய்வை மாற்றிப் பாருங்கள். கிளாம்ப் போல்ட்டுகளை அலன் கீ கொண்டு தளர்த்தி ஷீல்டைப் பின்பக்கம், உங்களை நோக்கிக் கொஞ்சம் சாய்த்தால் மேல்விளிம்பு தானாகவே இறங்கும். காற்றும் சுவரில் மோதியது போலப் பிய்யாமல் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பு உங்கள் பக்கம் நெருங்குவதால் சுழல் பரவிப் பெரிதாவதற்குள் தலையைத் தாண்டிவிடவும் வாய்ப்புண்டு. செங்குத்தாக நிமிர்த்தினால் காற்று உயரமாக எறியப்படும், ஆனால் பின்னால் கலக்கமும் கூடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சாய்வு, உயரம், அடியில் அட்டை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

ஷீல்டின் கீழ்விளிம்புக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். ஃபோர்க் நடுவே உள்ள திறப்பை மூடச் சொல்லிவிட்டு இதைத் திறந்து வைக்கச் சொல்வது முரணாகத் தெரியும். அங்கே நுழையும் கொஞ்சம் காற்று ஷீல்டின் உட்புறத்தை ஒட்டி மேலே ஏறி, குறைந்த அழுத்தத்தை நிரப்புகிறது. அதனால் மேல்விளிம்பின் சுழல் தணியும். ஃபோர்க் சந்து வழியாக வருவதோ நேராகத் தாடைக்கு வருகிறது. இரண்டு விரல் அளவு இடைவெளி இருந்தால் போதும், அது அப்படியே இருக்கட்டும்.

கிளிப் டிஃப்ளெக்டர் வேலை செய்யும், ஆனால் இடம் தெரிந்து மாட்டினால்தான். அதற்கும் ஷீல்டுக்கும் நடுவே ஒரு பிளவு விட்டு மாட்டுவார்கள். அந்தப் பிளவு வழியாகக் காற்று புகுந்து சுழலைத் தணிக்கும், மேலே உள்ள தகடு மீதிக் காற்றைத் தலைக்கு மேல் தூக்கிவிடும். ஏற்கெனவே உயரமான ஷீல்டின் உச்சியில் அதை மாட்டினால் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும், பிரயோசனமில்லை. குள்ளமான ஷீல்டு, மேலே மெல்லிய டிஃப்ளெக்டர் அல்லது வெளிப்பக்கம் வளைந்த உதடு உள்ள ஷீல்டு என்றால் நன்றாக இருக்கும். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் கிளிப் தளர்ந்து பறந்துவிடாமல் ரப்பர் வைத்து இறுக்குங்கள்.

உங்களுக்கு என் வரிசை இதுதான்: முதலில் ஃபோர்க் நடுவே உள்ள திறப்பை அடைத்துவிடுங்கள், அடுத்து ஷீல்டைச் சாய்த்துப் பாருங்கள், அப்போதும் விளிம்பு கண்ணை மறைத்தால் வெட்டுங்கள். வெட்டுவதென்றால் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டு, மெல்லிய பல் பிளேடில் மெதுவாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து உருட்ட வேண்டும். பாலிகார்பனேட் என்றால் வெடிக்காது, அக்ரிலிக் என்றால் அவசரப்பட்டால் விரிசல் விட்டுவிடும். கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுப்பது நல்லது. ஒரேயடியாக வெட்டாமல் இரண்டு இரண்டு சென்டிமீட்டராகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ஷீல்டில் பெட்ரோல், செயின் ஸ்ப்ரே, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், போல்ட் தளராமல் இருக்கத் தடவும் பசை (த்ரெட்லாக்கர்) எதுவும் படக் கூடாது. மங்கும், இல்லையென்றால் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் வரும். போல்ட் தளராமல் இருக்க நைலான் நட் போதும். ஓட்டையில் ரப்பர், நைலான் வாஷர் வைத்து, அதை நசுக்காத அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள், காய்ந்த துணியால் தேய்த்தால் தீர்ந்தது.

எதை மாற்றினாலும் மலை ஏறுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில், ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்புங்கள். ஷீல்டோ அட்டையோ டேங்கில் இடிக்கிறதா, கட்டை விரல் மாட்டுகிறதா, கிளட்ச் ஒயர் இழுபடுகிறதா, ஆக்சிலரேட்டர் விட்டதும் சட்டென்று திரும்புகிறதா, ஹேண்டில் கடைசியில் இருக்கும்போது எஞ்சின் தானாக ரேஸ் ஆகிறதா பாருங்கள். நேர் ரோட்டில் ஓட்டும்போது ஹேண்டில் அவ்வளவு தூரம் திரும்புவதே இல்லை, அதனால் இந்தக் கோளாறு முதன்முதலில் தலை காட்டுவது கொண்டை ஊசி வளைவில்தான்.

தலைக்குப் பதில் ஹேண்டில்பாரே ஆடினால் அது வேறு நோய். ஃபோர்க்கில் மாட்டிய பெரிய ஷீல்டு பக்கக் காற்றில் ஹேண்டிலைத் திருப்பும், அது ஓரளவு சகஜம். காற்றில்லாதபோதும் ஹேண்டில் உதறினால் ஷீல்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் மெக்கானிக்கிடம் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்), வீல் பேரிங், டயர் காற்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் டிஃப்ளெக்டர் வாங்குவது வீண்.

ஹெல்மெட்டையும் ஒரு பார்வை பாருங்கள். நெற்றியில் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பிமுனை உள்ள ஹெல்மெட் சுழலைப் பிடித்து இழுக்கும். கன்னத்தில் பிடிமானம் இல்லாமல் தளர்ந்த ஹெல்மெட் சின்னச் சுழலுக்கும் ஆடும். தாடைக்கு அடியில் துணித்திரை இருந்தால் கீழ்க்காற்றுச் சத்தம் நன்றாகக் குறையும். காது இரைச்சலை விளையாட்டாக எடுக்காதீர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம், தினமும் கேட்டால் காது போகும். சமவெளியில் நுரை இயர் பிளக் போடுங்கள். கல்லாரில் கழற்றிவிடுங்கள், மலைப்பாதையில் வளைவுக்கு அந்தப்புறம் அடிக்கும் ஹாரன் காதில் விழ வேண்டும்.

குளிருக்காகத்தான் ஷீல்டு மாட்டினேன் என்றீர்கள். மலை வேகத்தில் முதலில் விறைப்பது விரல்கள். ஹேண்டிலில் கைக்கு முன்னால் வைக்கும் சின்னக் காப்பும் நல்ல கையுறையும் உயர ஷீல்டைவிட அதிகம் உதவும். நெஞ்சுக்குக் காற்றுப் புகாத ஜாக்கெட். அது இல்லாதபோது உள்ளே செய்தித்தாள் மடித்து வைத்துக்கொண்டு போவது இன்றைக்கும் வேலை செய்கிறது.

கடைசியாக, வீட்டில் அவர்களுக்கு அடிக்கும் காற்று. பின்சீட் உங்கள் சீட்டைவிட உயரம் என்பதால் உங்கள் தலைக்கு மேல் தூக்கிவிட்ட காற்று அவர் முகத்தில் இறங்குகிறது. ஷீல்டை மூக்கு மட்டத்துக்கு இறக்கும்போது அது பாதி சரியாகிவிடும். மீதிக்கு, அவரை உங்களோடு நெருங்கி உட்காரச் சொல்லுங்கள். இடையில் பையை வைத்து இடைவெளி விட்டால் அந்த இடைவெளியிலும் சுழல் பிறக்கும். பையைப் பின்னால் கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டத்தில் ஒன்றாவது அவரோடு செய்யுங்கள், ஆள் ஏறியதும் பின் சஸ்பென்ஷன் இறங்கி ஷீல்டின் சாய்வே மாறிவிடும்.